தலைமாடு

"கட்டிலை எந்தப் பக்கமா போடணும் பாய்? நீங்க சொன்னா இப்பவே திருப்பிடுறேன்."

சின்னையா தோளில் கிடந்த துண்டால் கட்டில் காலைத் துடைத்தபடியே கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஷீர் நாலு வருடத்துக்கு முன்தான் ஈப்போவிலிருந்து வந்து பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடை போட்டவர். ஹலால் கோழி இரண்டைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவரைச் சின்னையா கையோடு மேலே ஏற்றிவிட்டிருந்தார்.

பஷீர் சுற்றிலும் பார்த்தார். போன மாதம் வரை இது வெறும் பரண். உரச் சாக்கும் உடைந்த நாற்காலியும் கிடந்த இடம். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். இப்போது கைப்பிடி வைத்த படி. குளிர் இறங்காமல் தகரக் கூரைக்கு அடியில் பஞ்சு அடைத்து, பலகை அடித்து, வெள்ளை பூசியிருந்தார் சின்னையா. கூரை சரிந்து வரும் மூலையில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையால் செய்த இழுப்பறைகள். அதன் பக்கத்தில் குழந்தைக்கு ஒரு குட்டி மெத்தை. சன்னலைத் திறந்தால் மலைச்சரிவு முழுக்கத் தேயிலை.

"ஓட்டல்காரன் தோத்துடுவான் லா," என்றார் பஷீர். "ஹோம்ஸ்டே நடத்தப் போறீங்களா அண்ணே? ஸ்கூல் லீவுக்குக் கோலாலம்பூர் ஆளுங்க வந்து குவிவாங்க."

சின்னையா சிரித்துவைத்தார். "வர்றவங்க முஸ்லிம். அதான் உங்களைக் கேக்கிறேன். ஹஃபீஸ்னு பேரு. பொஞ்சாதி அஸ்லினா. நாலு வயசுல ஒரு பொண்ணு."

"அதான் அக்கா எங்கிட்ட கோழி கேட்டாங்களா?"

"கோழி மட்டுமா? சட்டி, கரண்டி, தட்டு எல்லாமே புதுசு," என்று சொல்லிக்கொண்டே சின்னையாவின் மனைவி மாரியம்மா போர்வையோடு ஏறி வந்தார். "பழசுல ஒண்ணையும் தொடல பாய். அவங்க மனசு கூசாம சாப்பிடணும்ல."

"என் சம்பந்திக்குக்கூட நான் இவ்வளவு செஞ்சதில்லக்கா. என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

நடு உத்தரத்தைச் சுற்றிப் பஞ்சு வைத்துத் துணி தைத்திருந்தது. பஷீர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"ஆறடி ஆளு. அந்த இடத்துல நெத்தி இடிக்கும்," என்றார் சின்னையா.

"வர்றதுக்கு முன்னாடியே அளவெடுத்தாச்சா? சட்டையும் தைச்சு வெச்சிருப்பீங்க போல."

சின்னையா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் பாத்துட்டு, 'பிரிஞ்சாங்ல ஓட்டல் எடுத்திருக்கோம்'னு கிளம்பிடக் கூடாது பாய். எனக்கு அந்தப் பயம்தான். ஒரே ஒரு ராத்திரி தங்கினாக்கூடப் போதும்."

பஷீர் கைப்பேசியில் தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்தார். இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் முள் நிலைகொள்ளாமல் சுற்றியது. அதை மூடிவிட்டுச் சன்னலுக்குப் போய், மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். அதிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளிக் கையை நீட்டினார். ஓட்டல் அறைகளில் இருக்குமே, அதே மாதிரி பச்சைத் தாளில் ஒரு அம்புக்குறியை வெட்டி வைத்திருந்தார் சின்னையா. பஷீரின் கை காட்டிய திசையில் அதைக் கூரைப் பலகையில் ஒட்டினார்.

"கால் மட்டும் அந்தப் பக்கம் நீளக் கூடாது," என்றார் பஷீர். "வடக்கே தலை வெச்சு, வலப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா முகம் கிப்லாவைப் பாக்கும். அது ரொம்ப நல்லது. ஆனா உங்க வீட்ல வடக்கே ஆகாதே. தெற்கேயே போடுங்க, குத்தமில்ல."

மாரியம்மாவின் கை போர்வைமேல் நின்றுவிட்டது. வடக்கே தலை வைத்தால் ஆயுசுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். தூக்கத்தில் புரண்டுவிட்ட பிள்ளைகளைக்கூட எழுந்து வந்து திருப்பிப் போட்டவர்.

சின்னையா மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லதுன்னா நல்லதாவே போடுங்க," என்றார் மாரியம்மா. "ஆயுசை மாரியாத்தா பாத்துக்குவா."

கட்டிலின் ஒரு முனையை அவரே தூக்கினார். தலையணையை வடக்கே வைத்து, அதை இரண்டு முறை தடவிக் கொடுத்தார்.

தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற ஒரு பெண், யாரோ ஒரு விருந்தாளி நிம்மதியாகத் தூங்குவதற்காகத் தன் பயத்தைப் போர்வையோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டார். இப்படி ஒரு வீட்டைப் பஷீர் பார்த்ததில்லை.

வாசலில் கார் நின்றது. மாரியம்மா கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் இறங்கி ஓடினார். கீழே ஒரு குழந்தையின் சிரிப்புச் சத்தம். சற்று நேரத்தில் உயரமான ஒருவர் பையோடு படியேறி வந்தார். பஷீரின் சலாமுக்குப் பதில் சொன்னார். உத்தரத்துக்கு ஒரு அடி முன்பே, அண்ணாந்து பார்க்காமலே, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓட்டல்... எடுத்தாச்சா?" என்று கேட்ட சின்னையா, துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே நின்றார்.

வந்தவர் கூரையில் இருந்த பச்சை அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் தலையணை அவர் கண்ணில் பட்டது.

"வடக்கேயா? அம்மா எப்படிப்பா ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்டான், ஹஃபீஸ் ஆனதற்காக ஒன்பது வருடங்களுக்கு முன் சின்னையா வீட்டை விட்டு அனுப்பிய மூத்த மகன் குகனேஸ்வரன்.