சாக்லேட் பேப்பர்

“இன்னாடி இது?”

பாக்யலட்சுமி மகளின் பள்ளிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தாள். கணக்குப் புத்தகத்துக்குள்ளிருந்து பளபளவென்று ஏழு சாக்லேட் பேப்பர்கள் உதிர்ந்தன.

மூன்றாவது படிக்கும் பல்லவி அவசரமாகப் பேப்பர்களைப் பொறுக்கப் போனாள்.

“டப்பாவுல வெச்ச கேவுரு உருண்டையெல்லாம் இன்னா ஆச்சு?”

“காலி ஆயிடுச்சும்மா.”

“யாரு துன்னாங்க? நாயா?”



பாக்யலட்சுமி பேப்பர்களை அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறந்தபோது எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை. கீரை, பயறு, கேழ்வரகு என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்துத் தேற்றியிருக்கிறாள். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்து, வெல்லம் சேர்த்து உருண்டை பிடிப்பதற்குள் மூன்று நாள் ஓடிவிடும். டிவிக்காரனுக்கு அரை நிமிடம் போதும், பிள்ளையின் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். விளம்பரம் வந்தாலே சத்தத்தைக் குறைத்துவிடுவாள் அவள். பிள்ளையின் கண்ணையும் சேர்த்து மூட முடியுமா?

“இதெல்லாம் யாரு வாங்கிக் குடுக்கறாங்க? அந்த ஜூடித்தா?”

“ஐயோ, இல்லம்மா! அவ ஒன்னும் பண்லம்மா!”

அலறியடித்து வந்த அந்தப் பதிலே பாக்யலட்சுமிக்குப் போதுமானதாக இருந்தது.

ஜூடித், வகுப்பில் பல்லவியின் பக்கத்து இடத்துக்காரி. அப்பா இன்பராஜுக்குச் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்தை இழுத்து மூடி நாலு மாதம் ஆகிறது.

சாயங்காலமே பாக்யலட்சுமி, சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஊரிகம் லைன் வீடுகளுக்குப் போய், ஜூடித்தின் அம்மா மரியகுழந்தையை வாசலுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

“உங்க பொண்ணு எங்க புள்ளைக்குக் கண்டதையும் குடுத்துக் கெடுக்குதுங்க. கொஞ்சம் கண்டிச்சு வைங்க.”

மரியகுழந்தை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஜூடித்து யாரு கையிலயும் எதுவும் வாங்காதுங்க. அப்படிச் சொல்லித்தான் வளத்துக்கினு இருக்கேன்.”

“வாங்கறத சொல்லல. குடுக்கறத சொல்றேன்.”

“குடுக்கறதுக்கு எங்க ஊட்டுல இன்னா இருக்குதுங்க?”

வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு பாக்யலட்சுமி திரும்பி வந்தாள்.

மறுநாள் கணவன் வரதன் ஃபேக்டரிக்குப் போனதும், கையும் களவுமாகப் பிடித்தே தீருவதென்று பள்ளிக்கூடம் கிளம்பினாள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது மதில் ஓரமாக நின்றுகொண்டாள்.

பல்லவிதான் முதலில் ஓடி வந்தாள். வேறு பிள்ளைகள் தின்றுவிட்டு எறிந்த சாக்லேட் பேப்பர் இரண்டைப் பொறுக்கினாள். குழாயில் கழுவினாள். பாவாடையில் துடைத்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, அம்மா கொடுத்த கேழ்வரகு உருண்டைகளை அவற்றில் சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கினாள்.

அம்மா கொடுத்ததை வெளியே காட்ட அவ்வளவு வெட்கமா? பாக்யலட்சுமி ஓர் அடி எடுத்து வைத்தாள். அதற்குள் ஜூடித் வந்துவிட்டாள். அவள் கையில் டப்பா இல்லை. குழாயில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இந்தா, உனக்கு ஒன்னு.”

“வாணாம் பல்லவி. யாரு குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு எங்கம்மா நேத்துகூட சொல்லிச்சு.”

“நானா குடுக்கறேன்? கம்பெனிக்காரன் குடுக்கறான். ஒன்னு வாங்குனா ஒன்னு ஃப்ரீ. டிவியில பாக்கல நீ?”

“இன்னிக்கும் ஃப்ரீயா?”

“இந்த மாசம் பூரா ஃப்ரீ.”

ஜூடித் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். பேப்பரில் ஒட்டிய மாவைக்கூட விடவில்லை.

‘நாயா?’ என்று தான் கேட்டது பாக்யலட்சுமியின் காதிலேயே திரும்ப ஒலித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதிலோடு மதிலாக, யாரும் பார்க்காமல் வந்த வழியே நடந்தாள்.

மரியகுழந்தையின் காலில் விழவேண்டும்போல் இருந்தது. அதற்கும் வழியில்லை. உண்மையைச் சொன்னால் நாளை முதல் அந்தக் குழந்தை வெறும் தண்ணீர்தான் குடிக்கும்.

மறுநாள் காலை பல்லவி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள். குப்பைக்குப் போன ஏழு பேப்பர்களும் திரும்பி வந்திருந்தன. கழுவி, துடைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை வைத்து, முனை முறுக்கி.

“அம்மா…”

பாக்யலட்சுமி அடுப்புப் பக்கமிருந்து திரும்பவில்லை.

“ஜூடித்கிட்ட சொல்லுடி. இனிமே ஒன்னு வாங்குனா ரெண்டு ஃப்ரீயாம்.”