மாஸ்டர் காரின் ஒடுக்கு

“ஒடுக்குக்குள்ள ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அதை மட்டும் அழிச்சிடுங்க, மாப்பிள்ளை.”

மாமியார் இப்படிச் சொன்னதும் மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. மூன்று மாத உழைப்பு. போயும் போயும் அழிக்கச் சொல்கிறாரே!

மேஜைமேல் நின்றது ஒரு சாணுக்குள் அடங்கும் வெள்ளைக் கார். மாமனாரின் டிரைவிங் ஸ்கூல் காரை இருபத்து நாலில் ஒரு பங்காக, துரு தூசியோடு அப்படியே செய்திருந்தார். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமனாருக்கு இன்று மாலை ஸ்கூலில் பிரிவுபசார விழா. இதுதான் பரிசு.

மாமனாரை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்பார்கள். குறை கண்டுபிடிப்பதிலும் மாஸ்டர்தான். அவரிடமே மூன்று தடவை கார் பழகி, மூன்று தடவையும் டெஸ்ட்டில் கோட்டை விட்டவர் மாப்பிள்ளை. “ஓட்டத் தெரியாதவர் கார் பொம்மை பண்றாராக்கும்” என்று மாஸ்டர் சொன்னது காதுக்கு வந்திருந்தது. அந்த வாயால் ஒரே ஒரு ‘நல்லா இருக்கு’ வாங்கிவிட வேண்டும். மாப்பிள்ளையின் ஆசை அவ்வளவுதான்.

அதற்குப் பட்ட பாடு கொஞ்சமா? முதலில் துரு நிறத்தைப் பூசி, தண்ணீர் தொட்டு உப்பைத் தூவி, காய்ந்ததும் வெள்ளைப் பெயின்ட் அடித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் உப்பை உதிர்க்க வேண்டும். உப்பு இருந்த இடமெல்லாம் பெயின்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கும். சக்கரத்துப் புழுதிக்குச் சாக்பீஸ் பொடி. கதவோரத் தேய்மானத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒற்றல்.

“உப்பு எங்கேன்னு கேட்டா கார்ல போட்டாச்சுங்கறார்மா!” என்று மனைவி அம்மாவிடம் அழாத குறை.

எல்லாவற்றுக்கும் மேல், பின்பக்கத்து ஒடுக்கு. அது ஊரறிந்த ஒடுக்கு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் மாமியார் கார் பழகும்போது வீட்டுச் சுவரில் இடித்தது. மாஸ்டர் அதைச் சரிசெய்யவே இல்லை. புதிதாகச் சேருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்திவைப்பார்.

“எங்க வீட்டம்மா கைவண்ணம்! கண்ணாடியைப் பார்க்காம ரிவர்ஸ் எடுத்தா இதான் கதி!”

கூட்டம் சிரிக்கும். மாமியார் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

பாவம், வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார் மாப்பிள்ளை.

“உங்க சங்கடம் புரியுது அத்தை. ஆனா உள்ளது உள்ளபடி இருந்தாத்தானே மாடல்?”

“ஒடுக்கு இருந்துட்டுப் போகட்டும். கோடுதான் வேண்டாம்.”

மாப்பிள்ளை எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அத்தை, அந்தக் கோடுதான் உங்களைக் காப்பாத்தப் போகுது. அது என்ன கலர், பாருங்க. நீலம்! அசல் கார்ல பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். ஒடுக்கு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நம்ம வீட்டுச் சுவர் மஞ்சள். நீலம்னா அது டிரைவிங் ஸ்கூல் கேட். ரெண்டு தடவை அதுல முட்டப் போனவன், எனக்குத் தெரியாதா? அங்கே நீங்க வண்டியே எடுத்ததில்லை. இடிச்சது மாமாதான்! இன்னைக்கு எல்லார் முன்னாடியும் குட்டு உடையப் போகுது.”

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும், மாப்பிள்ளை.”

“என்னது?”

“உங்க பொண்டாட்டி ஆறு வயசுல ஊஞ்சல்லேர்ந்து விழுந்து மண்டையை உடைச்சுக்கிட்டா. ஸ்கூலுக்குப் போன் வந்ததும் மனுஷன் அடிச்சுப் பிடிச்சு வண்டியைப் பின்னால எடுத்திருக்கார். கேட்ல இடிச்சதே தெரியலை. மறுநாள் ஒடுக்கைப் பார்த்துட்டு, ‘யார் இடிச்சது, யார் இடிச்சது’ன்னு பேயறைஞ்ச மாதிரி நின்னார். தன் கையாலதான்னு தெரிஞ்சா அப்புறம் அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடிக்குமா? நான்தான், சுவத்துல இடிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். என் பேர் கெட்டா என்ன, நானா ஸ்கூல் நடத்தறேன்?”

மாப்பிள்ளை காரைத் திருப்பி அந்த நீலக் கோட்டைப் பார்த்தார்.

“இத்தனை வருஷம் தெரியாம இருந்துட்டார். கடைசி நாள்ல தெரியணுமா? சொல்லுங்க.”

இந்த அம்மாளைப் போய் வெட்கப்படுகிறார் என்று நினைத்தோமே! மாப்பிள்ளை பிரஷ்ஷை எடுத்தார். நீலத்தைத் துடைத்தார். அந்த இடத்தில் வீட்டுச் சுவரின் மஞ்சளைத் தீற்றினார். உள்ளது உள்ளபடி என்ற கொள்கை அன்றைக்கு லீவு.

மாலையில் ஸ்கூல் வாசல் நிறையக் கூட்டம். ஒரு கையில் மைக், மறு கையில் பூதக்கண்ணாடியோடு மாஸ்டர் காரை ஆராய்ந்தார். பம்பரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், பானெட்டின் துருவை நகத்தால் சுரண்டியே பார்த்துவிட்டார்.

“அசல் தோத்துது போங்க! ரொம்ப நல்லா இருக்கு, மாப்பிள்ளை!”

கைதட்டல் எழுந்தது. மாப்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் மாமியார் முகமெல்லாம் சிரிப்பு.

ஆனால், எதையும் குறை சொல்லாமல் கீழே வைத்துப் பழக்கமில்லையே மாஸ்டருக்கு! காரைத் திருப்பினார். ஒடுக்கின்மேல் கண்ணாடியை வைத்தார். உச்சுக் கொட்டினார். மைக்கிலேயே சொன்னார்.

“ஒரே ஒரு தப்பு. இங்கே எப்படி மஞ்சள் வரும்? நம்ம கேட் நீலமாச்சே!”