எழுபத்தைந்து டிகிரி

மெக்கானிக் ஹோரியா பாய்லரின் நீர்ச்சூட்டை எழுபத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறக்கினான். கை கழுவித் திரும்புவதற்குள் அந்த வீட்டுக் கிழவி ஒலிம்பியா அதை மறுபடி எழுபத்தைந்துக்கு ஏற்றியிருந்தாள்.

"அம்மா, கேஸ் பில்லைக் குறைச்சுக் குடுன்னு போன் பண்ணினது நீங்கதானே?"

"நான்தான். அதுக்காக இப்படியா? ரேடியேட்டரைத் தொட்டா கையை வெடுக்குன்னு எடுக்கணும். இல்லன்னா அது பழைய இரும்பு."

பிரஷோவ் நகரத்தில் எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. உள்ளங்கையால்தான் சூட்டை அளப்பார்கள்.

ஹோரியா எல்லா வீட்டிலும் சொல்வதைச் சொன்னான். மிதமான சூட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் அறைகளின் ரேடியேட்டர்களுக்குள் ஓடினால் போதும், வீடு இருபத்தொன்றில் நிற்கும். திரும்பி வரும் தண்ணீர் ஆறியிருந்தால்தான் புகையோடு போகிற சூட்டையும் இந்த பாய்லர் பிடித்துக்கொள்ளும்.

"இப்போ உங்க காசுல வெளியே காக்காதான் குளிர் காயுது."

அவளுக்கும் தெரியும். ஜனவரியில் வந்த எரிவாயு பில் பென்ஷனில் பாதியைத் தின்றுவிட்டது. பிப்ரவரியும் அப்படிப் போனால் மார்ச்சில் பாய்லரை அணைத்துவிட வேண்டியதுதான். இங்கே மார்ச்சிலும் பனி கொட்டும்.

"அப்ப இறக்கிடறேன்."

"இறக்கு. அந்தச் சின்ன ரூம்ல மட்டும் சூடு குறையக் கூடாது."

"ரூமுக்கு ஒரு தண்ணியா ஓடுது? எல்லாத்துக்கும் ஒரே தண்ணிதாம்மா."

அவள் சின்ன அறையின் கதவைத் திறந்தாள்.

உலை மாதிரி இருந்தது. கட்டில் இல்லை. யாரும் புழங்குகிற அறை இல்லை. புத்தக அலமாரி நடு அறையில் நின்றது. சுவரில் தொங்கிய கம்பளத்தைக் கழற்றிச் சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தாள். அது இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் இருந்தது. அந்த வெறும் சுவரைப் பார்த்து மேஜை மின்விசிறி ஒன்று முழு வேகத்தில் சுற்றியது. ஜனவரி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஹோரியா அவள் முகத்தைப் பார்த்தான். எழுபது வயதுக்கு மேல் தனியாக இருப்பவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

"சுவருக்கு வேர்க்குதாம்மா?"

"வாயை மூடிட்டுக் காதை வை."

வைத்தான். அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது.

"பக்கத்து வீட்டு இலிங்காவோட பிள்ளை. பொறந்து பதினாறு நாள். இந்தச் சுவரோரமாப் படுக்க வைன்னு சொல்லியிருக்கேன். கரண்ட் ஹீட்டர் போட்டா அந்த வீட்டு ஃபியூஸ் தாங்கல. இங்க வாடின்னா வரமாட்டேங்கறா. பிள்ளை பெத்தவ நாற்பது நாள் அடுத்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாதாம். மாமியார்க்காரி உத்தரவு."

"அவங்க பாய்லர்?"

"வியாழக்கிழமை எவனோ ஒரு மகராசன் வந்து சீல் வெச்சுட்டுப் போயிருக்கான். மாத்த வேண்டிய சாமான் வர பத்து நாள் ஆகுமாம். கைப்பிள்ளை இருக்கிறது அவன் கண்ணுக்குத் தெரியலையா?"

ஹோரியா மண்டியிட்டு அந்த அறையின் வால்வை முழுக்கத் திறந்தான். சமையலறை வால்வையும் நடை வால்வையும் ஏறக்குறைய மூடினான். படுக்கையறைக்கு வந்ததும் அவளைப் பார்த்தான்.

"மூடு. ரெண்டு கம்பளி இருக்கு."

பாதி மூடினான். பிறகு பாய்லரை எழுபதில் வைத்தான். ஒலிம்பியா சின்ன அறைக்குப் போய் ரேடியேட்டரைத் தொட்டு, கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"சாமான் வந்த அன்னிக்கு நானே வந்து ஐம்பத்தஞ்சுல வெச்சுடறேன்."

"அது வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

ஹோரியா பையை மூடினான்.

அவன் சீல் வைத்தது வியாழன் அல்ல, புதன். புகைக்குழாயில் விரல் நுழைகிற விரிசல். விஷப்புகை சமையலறைக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்று இலிங்கா தொட்டிலை அங்கே போட்டிருந்தாள்.