கழுத்தளவு தண்ணீரில் எல்லைக்கல்

ஆற்றின் நடுவே ஆளில்லாத மணல்திட்டு ஒன்று இருந்தது. எருமைகள் நீந்தி வந்து அங்கே மேயும். நீர்நாய்கள் நாணல் ஓரமாக வெயில் காயும். நிலம் அளக்க வந்தவர்கள் திட்டின் நடுவில் ஓர் எல்லைக்கல்லை ஆழமாக நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு கோடையில் ஆலாப் பறவை ஒன்று முட்டையிட வந்தது.

"இந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு. முட்டை கிட்டையெல்லாம் அந்தப் பக்கம் வெச்சுக்கோ," என்றது கல்.

ஆலா அந்தப் பக்கம் போய் அடைகாத்தது. வெயிலில் கண் சொருகும்போதெல்லாம், திட்டு தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, வயிற்றுக்கடியில் மணல் மெல்ல நழுவியது.

"கல்லண்ணே, திட்டு நகருது."

"நான் நிக்கிற வரைக்கும் எப்படி நகரும்?"

குஞ்சுகள் பறந்தபின் வெள்ளம் வந்து வடிந்தது.

அடுத்த கோடையில் ஆலா வந்து பார்த்தது. எருமைகளும் நீர்நாய்களுமாகத் திட்டு ஆற்றின் போக்கில் கூப்பிடு தூரம் கீழே தள்ளிக் கிடந்தது. கல் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் தனியாக நின்றது.

"என்னண்ணே, இப்படி ஆயிடுச்சு?"

"எனக்கென்ன? நட்ட இடத்துலதான் நிக்கிறேன்," என்றது கல். "திட்டுதான் எல்லை தாண்டிப் போயிடுச்சு."