தாமதத்துக்கு இருபது சொற்கள்

வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்கு நர்ஸ் ஜெசிந்தா படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அன்றைய பாடம் சிக்கல்களும் தாமதங்களும். மிஸ் போர்டில் இருபது சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கையில் ஜெசிந்தா நோட்டை நீட்டிவிட்டாள். உன் விசா பைல் பெண்டிங்கில் இருக்கிறது. இன்டர்வியூ தள்ளிப்போய்விட்டது. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு கேன்சல். வீடு பார்ப்பதில் ஒரு சிக்கல். இப்படியே இருபதும்.

"ஒரு தப்புகூட இல்ல. எங்க பிள்ளே படிச்ச?"

"வீட்டுக்காரரு கனடாவுல இருந்து போன்ல சொல்லுவாரு மிஸ். ஆறு வருஷமா."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். மிஸ் மட்டும் நோட்டை மறுபடி மேலிருந்து கீழே வாசித்தார்.

வகுப்பு முடிந்ததும் தேர்வு விண்ணப்பங்களைச் சரிபார்த்தார்கள். ஜெசிந்தாவுடையதில் எந்த நாடு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"கனடாதானே?" என்று மிஸ் பேனாவைத் திறந்தார்.

"அயர்லாந்துன்னு போடுங்க மிஸ்."

"அவரு கேட்டா?"

"பைல் பெண்டிங்ல இருக்குன்னு சொல்லிக்கிடுதேன்."