கோடு போட்ட நாவல்

"உன் மக என்ன படிக்கிறான்னு பாத்தியா?"

நடராஜா கையிலிருந்த தடித்த மலாய் நாவலை அடுப்படி மேசையில் பொத்தென்று போட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி இராசாத்தி நிமிரவில்லை.

"எங்க எடுத்தீங்க?"

"ஷாமளா மேச டிராயர்லதான். எவனாவது லெட்டர் கிட்டர் குடுத்திருப்பானோன்னு நோண்டினேன். இல்லாட்டி கடல் தாண்டி சபாவுக்குப் போய்த்தான் படிப்பேன்னு இவ ஏன் அடம் புடிக்கிறா?"

"வயசுப் புள்ள டிராயர நோண்டுறீங்களே, வெக்கமா இல்ல?"

"அத விடு. கதையப் பாரு. அரசன் மக, அப்பன் பேச்சக் கேக்காம கருடன் மேல ஏறிக் கடல் தாண்டிப் போறா. உன் மக அதுல பென்சில்ல கோடு வேற போட்டு வச்சிருக்கா!"

கோடு போட்ட இடத்தை அவரே தமிழில் சொல்லிக் காட்டினார். "'கதவப் பூட்டி வச்சீங்கன்னா நான் உங்க மக இல்ல, உங்க கைதி.' கேட்டியா? எனக்குத்தான் சொல்றா!"

செமிலிங் ஊரில் அந்த வீட்டில் ஒரு வாரமாக இதே ரகளைதான். ஷாமளாவுக்குச் சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நடராஜாவோ முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் பஸ் அவருடையது. மகளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தால் தானே கூட்டிப்போய்க் கூட்டி வரலாம் என்பது அவர் எண்ணம். ஷாமளா அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள்.

"நீங்க அதப் படிக்க வேணாம். எடுத்த எடத்துலயே வச்சிடுங்க," என்றாள் இராசாத்தி.

"கடைசியில என்ன ஆவுதுன்னு பாக்காம விடமாட்டேன் லா. நீ வெங்காயத்தப் பாரு. உனக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?"

ஷிப்ட் முடியும்வரை நிறுத்திய பஸ்ஸில் தூங்கி வழிகிற மனிதர், நான்கு நாளாக ஸ்டியரிங்மேல் நாவலைச் சாய்த்துவைத்துப் படித்தார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில், சோற்றில் கை வைக்காமல் மகளையே பார்த்தார்.

"அந்த அரசன் பாவம்மா. மக சொல்லாமலே போயிட்டா. ஏழு வருசம் தெனமும் மாடியில நின்னு வானத்தையே பாத்துக்கிட்டிருந்தான். அவ ராணியாத் திரும்பி வந்தப்ப இவனுக்குக் கண்ணு தெரியல." தட்டைத் தள்ளி வைத்தார். "என்னால அப்படி நிக்க முடியாதும்மா. நீ சபாவுக்குப் போ. ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டு போய் விடுவேன், ஆமா."

ஷாமளாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாவாப்பா? ஆனா... எந்த அரசன்?"

"நடிக்காத. நீ கோடு போட்டதெல்லாம் பாத்துட்டேன்," என்றவர் நாவலை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி முகம் கழுவப் போனார்.

ஷாமளா அடுப்படிக்கு ஓடினாள். "மா! அப்பா போகச் சொல்லிட்டாரு! ஆனா ஏதோ புக்கு, கோடுங்கிறாரு. அப்படி ஒரு புக்க நான் தொட்டதுகூட இல்லயே?"

இராசாத்தி மேசையிலிருந்த நாவலை எடுத்துவந்து, ஒரு ரப்பரையும் சேர்த்து மகள் கையில் வைத்தாள்.

"நாளைக்கு லைப்ரரியில திருப்பிக் குடுக்கணும். அதுக்குள்ள நான் போட்ட கோடு எல்லாத்தையும் அழிச்சிடு."