நட்டவர் பெயர்

மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார் எச்.ஆர். அதிகாரி.

"கட்டைவிரல் போதும்மா."

அவள் எட்டாவது படித்தவள். காகிதத்தை எடுத்து எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

'தோட்ட வேலை செய்யும் பவுனம்மாள் ஆகிய நான், நிர்வாகத்துக்குத் தெரியாமல், தொழிற்சாலை வளாகத்தில் கஞ்சாச் செடி நட்டு வளர்த்தேன்.'

கண் இரண்டிலும் கொதிக்கிற எண்ணெயை ஊற்றியது போலிருந்தது.

பதினோரு வருடம். அவள் இந்தத் தோட்டத்துக்கு விட்ட தண்ணீரைத் திருப்பி வாங்கினால் செம்பரம்பாக்கம் ஏரி இரண்டு தடவை நிரம்பும்.

அந்த ஆலைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதம் அதிகாரிகள் ஆளுக்கொரு கன்று நடுவார்கள். குழி தோண்டுவது அவள். மண் தள்ளுவது அவள். அவர்கள் கன்றின் நுனியைத் தொட்டபடி கேமராவைப் பார்ப்பார்கள். பக்கத்தில் பித்தளை எழுத்தில் பலகை. 'நட்டவர்' என்று போட்டு, கீழே பெயர்.

பலகை இருந்தால் செடி இருக்க வேண்டும். கன்று பட்டுப்போனால் அவள் தலைதான் உருளும்.

பொது மேலாளர் கமலக்கண்ணனின் வேம்பு ஒன்பதாம் நாளே மண்டையைப் போட்டது.

அவள் பதறிப்போனாள். லாரிகள் நிற்கும் இடத்தில், யாரோ உதறியதில் முளைத்துத் தளதளவென்று நின்ற பெயர் தெரியாத ஒன்றை வேரோடு பெயர்த்து வந்து குழியில் வைத்தாள்.

அது வளர்ந்தது பாருங்கள்! காலையில் இடுப்பளவு, சாயங்காலம் தோளளவு. சுற்றியிருந்த அசோக மரமெல்லாம் வெட்கத்தில் இலை உதிர்த்தது.

பொது மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற வெள்ளைக்காரர்களை எல்லாம் அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். "எல்லாம் நம்ம கை ராசி" என்றார். பலகையை எவனாவது பிடுங்கிவிடுவான் என்று அடியில் சிமென்ட் போட்டுப் பூசச் சொன்னார்.

இன்று காலை சட்ட வகுப்பு. வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். போதைப்பொருள் வளாகத்தில் இருப்பது தெரிந்தும் விட்டுவைத்தால் நிர்வாகமும் மாட்டும் என்றார். செடி வளர்த்தவர் பத்து வருடம் வரை உள்ளே இருக்கலாம் என்றார்.

திரையில் ஓர் இலை வந்தது. விரித்த விரல்கள். ஓரமெல்லாம் ரம்பப் பல்.

கடைசி வரிசைக்குப் பின்னால் டீக் கப் பொறுக்கிக்கொண்டிருந்த அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஐ! நம்ம ஜி.எம். சார் செடி!"

முந்நூறு தலைகள் ஜன்னலுக்குத் திரும்பின. முந்நூறு மூச்சும் சேர்ந்து நின்றதில் மின்விசிறியே ஒரு சுற்றுத் தப்பியது.

வக்கீல் அங்கேயே நின்று நிர்வாகத்தைக் காவல் நிலையத்துக்குப் போன் போட வைத்தார்.

அதற்கப்புறம்தான் இந்தக் காகிதம்.

இப்போது எச்.ஆர். குரலில் வெல்லம் உருகியது.

"ஒண்ணும் ஆவாதும்மா. கம்பெனி பாத்துக்கும்."

"பத்து வருசம்னு சொன்னாரே சார்."

"அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு."

பொது மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். ராசியான கை இரண்டும் பேன்ட் பைக்குள் இருந்தன.

அவள் மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

முப்பத்தாறு செடி நட்டிருக்கிறாள். முப்பத்தாறு பலகை. ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.

இதில்தான் முதல்முறையாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

மைப்பெட்டியை மூடினாள்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் செடியைச் சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"யாருய்யா நட்டது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் அத்தனை பேரும் ஒன்றாக அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செடியின் காலடியில் பலகை சாய்ந்திருந்தது. யாரோ பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள். சிமென்ட் விடவில்லை. அவசரத்தில் சேற்றை அள்ளி அப்பியிருந்தார்கள்.



அவள் குழாயில் முந்தானையை நனைத்தாள். பலகைக்கு முன்னால் குந்தினாள்.

தினமும் காலையில் செய்கிற வேலைதான்.

முதல் எழுத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.